தலைக்கு மேலே நிற்கும் வானத்துக்கு ஒரு முதல் பைனாகுலர்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகத் திருப்பி எழுதிக்கொள்கிறேன். திருகோணமலை நகருக்கு அருகே உப்புவெளியில் வசிக்கிறீர்கள், தரம் 9இல் படிக்கும் மகளுக்கு வானம் பார்ப்பதில் ஆர்வம் பிறந்திருக்கிறது, தொலைநோக்கிக்கு முன்னர் ஒரு பைனாகுலரில் தொடங்கலாம் என்று யாரோ சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, நகரத்துக் கடையொன்றில் நீங்கள் பார்த்த, 20 முதல் 60 மடங்கு வரை பெரிதாக்கும் என்று எழுதப்பட்ட ‘சூம்’ பைனாகுலர். இரண்டாவது, கனடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் மைத்துனர் வாங்கி வருவதாகச் சொல்லும் 15×70. மூன்றாவது, முன்பு படகு வைத்திருந்த பெரியவர் ஒருவர் குறைந்த விலைக்குத் தரத் தயாராக இருக்கும் பழைய 7×50. இவற்றில் எதை வாங்குவது, அதில் சனியின் வளையம் தெரியுமா என்பதே கேள்வி.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடையில் உள்ள சூம் பைனாகுலரை வாங்க வேண்டாம். பெரியவரின் 7×50ஐ, நான் கீழே எழுதும் முறையில் சோதித்துப் பாருங்கள்; தேறினால் அதையே வாங்குங்கள். தேறாவிட்டால், 15×70க்குப் பதிலாக நீர் புகாத 10×50 ஒன்றையோ 8×42 ஒன்றையோ வாங்கி வரும்படி மைத்துனரிடம் சொல்லுங்கள். சனியின் வளையம் இவற்றில் எதிலும் தெரியாது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றுள் மிக முக்கியமான ஒன்று திருகோணமலை பூமியில் எங்கே இருக்கிறது என்பதோடு தொடர்புடையது.

பைனாகுலரின் மேல் எழுதியிருக்கும் இரண்டு எண்களில் முதலாவது உருப்பெருக்கம். இரண்டாவது, வானத்தை நோக்கியிருக்கும் முன்வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில். 10×50 என்றால் பொருளைப் பத்து மடங்கு கிட்டக் காட்டும், முன்வில்லை 50 மில்லிமீற்றர் அகலமானது என்று பொருள். கடைக்காரரும் வாங்குபவரும் பெரும்பாலும் முதல் எண்ணைப் பற்றியே பேசுகிறார்கள். வானம் பார்ப்பவருக்கு இரண்டாவது எண்ணே முதன்மையானது, ஏனென்றால் விண்மீன்கள் சிறியவையாக இருப்பதால் தெரியாமல் போவதில்லை, மங்கலானவையாக இருப்பதால்தான் தெரியாமல் போகின்றன. இருளில் நன்றாக விரிந்த இளவயதுக் கண்மணி ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் அகலம் கொண்டது. 50 மில்லிமீற்றர் வில்லையின் பரப்பு அதைப் போல ஏறத்தாழ ஐம்பது மடங்கு. அவ்வளவு ஒளியைத் திரட்டிக் கொடுப்பதே கருவியின் வேலை.

இரண்டாவது எண்ணை முதலாவதால் வகுத்தால் இன்னொரு பயனுள்ள அளவு கிடைக்கும். கண்வில்லையிலிருந்து வெளியே வரும் ஒளிவட்டத்தின் விட்டம் அது. 7×50இல் அது 7.1 மில்லிமீற்றர், 10×50இலும் 8×42இலும் ஏறத்தாழ 5, 15×70இல் 4.7. இந்த வட்டம் கண்மணியை விடப் பெரிதாக இருந்தால் மிஞ்சும் ஒளி கருவிழிப்படலத்தில் பட்டு வீணாகும். உங்கள் மகளின் கண்மணி இருளில் 7 மில்லிமீற்றர் வரை விரியக்கூடும். ஐம்பதை நெருங்கும் ஒருவரின் கண்மணி பெரும்பாலும் 5 அல்லது 6 மில்லிமீற்றரோடு நின்றுவிடும். ஆகவே அதே 7×50ஐ மகள் முழுமையாகப் பயன்படுத்துவாள். உங்கள் கண்ணுக்கு அது 7×38 அளவுக்குத்தான் வேலை செய்யும். இதை ஒரு குறையாக எண்ண வேண்டாம். வாங்குவது அவளுக்காக என்பதால் இந்தக் கணக்கு அவள் பக்கமே நிற்கிறது.

இனி, நான் முதலில் குறிப்பிட்ட இடம் பற்றிய காரணத்துக்கு வருகிறேன். பைனாகுலர் பற்றி எழுதப்படும் அறிவுரைகளில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டது. அவர்களுடைய வானமும் நம்முடைய வானமும் வேறு சாய்வில் நிற்கின்றன. திருகோணமலை வட அகலக்கோடு எட்டரைப் பாகையில் இருக்கிறது. சூரியன், சந்திரன், கோள்கள் எல்லாம் நடந்து போகும் பாதை இலண்டனில் இருப்பவருக்குத் தென்வானில் சாய்ந்து கிடக்கும். அங்கே அது உச்சிக்கு வரும்போதும் 62 பாகைக்கு மேல் உயர்வதில்லை, தாழ்வான பகுதியில் 15 பாகையோடு நின்றுவிடும். நமக்கோ, அந்தப் பாதையின் மிகத் தாழ்ந்த பகுதிகூட உச்சம் கடக்கும்போது 58 பாகை உயரத்தில் இருக்கிறது. கார்த்திகைக் கூட்டம் 74 பாகைக்கும், மிருகசீரிடமும் திருவாதிரையும் அடங்கிய வேட்டைக்காரன் கூட்டத்தின் ஒளிமுகில் 76 பாகைக்கும், பூசம் 79 பாகைக்கும் ஏறுகின்றன. அதாவது, பார்க்கத்தக்க பொருள்களில் நல்ல பகுதி நம் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கிறது.

இது வெறும் புவியியல் தகவலன்று. எந்தக் கருவியை வாங்குவது என்பதையே இது தீர்மானிக்கிறது. 15×70 ஏறத்தாழ 1.4 கிலோகிராம் எடையுள்ளது. பதினைந்து மடங்கு பெரிதாக்கும் கருவி கை நடுக்கத்தையும் பதினைந்து மடங்கு பெரிதாக்கும் என்பதால் அதற்கு முக்காலித் தாங்கி கட்டாயம் வேண்டும். குளிர்நாட்டில் 40 பாகை உயரத்தில் உள்ள ஒன்றை முக்காலியில் பார்ப்பது எளிது. இங்கே 75 பாகை உயரத்தில் உள்ள ஒன்றைப் பார்க்க, முக்காலிக்குக் கீழே தலையை நுழைத்துக் கழுத்தைப் பின்னால் முறிக்க வேண்டியிருக்கும். ஒரு பிள்ளை இரண்டு நிமிடம் பொறுப்பாள், மூன்றாவது நிமிடத்தில் விட்டுவிடுவாள். அதே நேரத்தில், வீட்டில் இருக்கும் சாய்மனைக் கதிரையை முற்றத்தில் போட்டு அதில் சாய்ந்து, இரு முழங்கைகளையும் கைப்பிடிகளில் ஊன்றி, ஒரு கிலோவுக்குள் உள்ள பைனாகுலரைக் கண்ணில் வைத்தால், உச்சி வானம் அவ்வளவும் வசதியாக முகத்துக்கு நேரே வந்துவிடும். இந்த மண்ணில் வானம் பார்ப்பவருக்கு முக்காலியை விடச் சாய்மனைக் கதிரை சிறந்த துணை என்பதைப் பல ஆண்டு அனுபவத்தில் உறுதியாகச் சொல்கிறேன். அப்படியானால் கருவியும் கதிரையில் சாய்ந்தபடி பிடிக்கத்தக்கதாக இருக்க வேண்டும்.

15×70ஐ நான் கெட்ட கருவி என்று சொல்லவில்லை. செலஸ்ட்ரான் நிறுவனத்தின் ஸ்கைமாஸ்டர் 15×70 போன்றவை உலகெங்கும் பலரிடம் இருப்பவை. 50 மில்லிமீற்றர் வில்லையைப் போல இரு மடங்கு ஒளியைத் திரட்டுபவை. இரண்டு ஆண்டுகள் வானத்தில் வழி பழகிய ஒருவருக்கு அது நல்ல அடுத்த படி. ஆனால் வழி பழகாதவருக்கு அதன் காட்சிப்புலம் குறுகியது. 15×70 ஒரே நேரத்தில் வானத்தில் 4.4 பாகை அகலத்தையே காட்டும். 10×50 பெரும்பாலும் 6.5 பாகையையும் 7×50 ஏறத்தாழ 7 பாகையையும் காட்டும். இந்த வேறுபாடு எண்ணில் சிறிதாகத் தெரிந்தாலும் வானத்தில் பெரிது. தென்சிலுவையின் மேல்முனையிலிருந்து அடிமுனை வரை 6 பாகை. 7×50இல் சிலுவை முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும். 10×50இல் மயிரிழையில் அடங்கும். 15×70இல் ஒருபோதும் அடங்காது. எங்கே பார்க்கிறோம் என்று தெரியாமல் குறுகிய துளைக்குள் தேடித் திரிவதால்தான் பல பிள்ளைகள் முதல் வாரத்திலேயே சலித்துப்போகிறார்கள்.

கடையில் உள்ள சூம் பைனாகுலரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 50 மில்லிமீற்றர் வில்லையை வைத்துக்கொண்டு 60 மடங்கு பெரிதாக்கினால் வெளிவரும் ஒளிவட்டம் 0.8 மில்லிமீற்றராகச் சுருங்கிவிடும், காட்சி இருண்டுபோகும், கையில் நிற்கவும் நிற்காது. இரண்டு குழாய்களிலும் உருப்பெருக்கம் ஒரே அளவில் மாற வேண்டுமானால் உள்ளே நுட்பமான பொறிமுறை தேவை. மலிவான கருவியில் அது சீக்கிரம் பிசகி, இரண்டு கண்ணுக்கும் இரண்டு அளவுப் படம் தரத் தொடங்கும். இவற்றோடு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு கருவியின் மேல் ‘30×60’ என்று அச்சிட்டு விற்பதையும் காணலாம். ஓர் அடிமட்டத்தை எடுத்து முன்வில்லையை அளந்து பாருங்கள். 60 என்று எழுதிய இடத்தில் 60 மில்லிமீற்றர் அகலமான வில்லை இல்லையென்றால் மற்ற எண்ணையும் நம்ப வேண்டியதில்லை. வில்லை செந்நிறமாக மின்னும் கருவிகளையும், குவியம் சரிசெய்யவே தேவையில்லை என்று விளம்பரம் செய்யப்படுபவற்றையும் விலக்குங்கள்.

இப்போது பெரியவரின் 7×50. இது கப்பல்களில் இரவுக் காவலுக்கென்றே நிலைபெற்ற அளவு. ஆடும் தளத்தில் நின்று பார்ப்பவருக்கு ஏழு மடங்குக்கு மேல் நிலையாகப் பிடிக்க முடியாது. இருளில் விரிந்த கண்மணியை நிரப்ப 7 மில்லிமீற்றர் ஒளிவட்டம் வேண்டும். இரண்டையும் பெருக்கினால் 50க்கு அண்மையில் வந்து நிற்கும். துறைமுக நகரமான நம் ஊரில் இந்த அளவுக் கருவிகள் கைமாறிக்கொண்டிருப்பதில் வியப்பில்லை. கடலுக்கென்று செய்யப்பட்டவற்றில் பல, நடுவில் திருகும் சக்கரம் இல்லாமல் ஒவ்வொரு கண்வில்லையையும் தனித்தனியே திருகிக் குவியப்படுத்தும் அமைப்பைக் கொண்டிருக்கும். பறவை பார்ப்பவருக்கு அது தொல்லை. நமக்கு அதனால் நட்டமில்லை, ஏனென்றால் சந்திரனிலிருந்து தொலைதூர விண்மீன் கூட்டங்கள் வரை எல்லாமே கருவிக்கு ஒரே தூரம்தான்; ஒருமுறை திருகி வைத்தால் இரவு முழுவதும் தொட வேண்டியதில்லை. அத்துடன், நடுச்சக்கரம் உள்ள சாதாரணக் கருவியில் கண்வில்லைகள் முன்னும் பின்னும் நகரும்போதெல்லாம் உப்புக் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. தனித்தனியே திருகுபவற்றை மூடி முத்திரையிடுவது எளிது. கடலோரத்தில் வாழ்பவர் இதைப் பெரிய நன்மையாகவே கொள்ள வேண்டும்.

ஆனால் பழைய கருவி என்பதால் நான்கு விடயங்களைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

முதலில் பூஞ்சணம். முன்வில்லைக்குள் ஒரு சிறு டோர்ச்சைச் சரிவாக அடித்து, கண்வில்லைப் பக்கத்திலிருந்தும் முன்பக்கத்திலிருந்தும் உள்ளே பாருங்கள். சிலந்தி வலை போலவோ, கிளை விட்ட வேர் போலவோ மெல்லிய வெண்ணிற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். அது வில்லையின் மேல் பூசப்பட்ட படலத்தைத் தின்று, துடைத்தாலும் போகாத தழும்பை விட்டுச் செல்லும்; வளர்ந்துகொண்டும் இருக்கும். ஓரத்தில் நாலைந்து தூசுகள் இருப்பது பற்றிக் கவலை வேண்டாம், இழைகள் இருந்தால் வேண்டாம். என் முதல் பைனாகுலரைத் தோல் உறைக்குள் வைத்து அலுமாரியில் பத்திரப்படுத்தியிருந்தேன். ஒரு வாடைப் பருவம் கழிந்து எடுத்தபோது உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டிகளான அரியங்கள் இரண்டிலும் இழை படர்ந்திருந்தது. நான் பத்திரம் என்று நினைத்த இருட்டும் தோலும் ஈரமும்தான் அதை வளர்த்தன என்பது பின்னரே தெரிந்தது.

இரண்டாவது, இரு குழாய்களும் ஒரே திசையைப் பார்க்கின்றனவா என்பது. கடலோரத்தில் இருப்பதால் நமக்கு இதற்கு ஒரு நல்ல கருவி இலவசமாகக் கிடைத்திருக்கிறது: அடிவானக் கோடு. டச்சுக் குடாக் கடற்கரையில் நின்று, கடலும் வானும் சந்திக்கும் கோட்டைப் பாருங்கள். பிறகு பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெல்ல நாலைந்து விரற்கடை தூரம் பின்னுக்கு நகர்த்துங்கள். இரண்டு வட்டங்கள் தனித்தனியே தெரியத் தொடங்கும். அவற்றில் அடிவானம் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்று உயர்ந்தும் மற்றது தாழ்ந்தும் இருந்தால் அரியம் ஒன்று விழுந்தோ அடிபட்டோ இடம் பெயர்ந்திருக்கிறது. மூளை சிறிது நேரம் இரண்டையும் இழுத்துப் பொருத்திவிடும் என்பதால் கடையில் இது தெரியாது. அரை மணி நேரத்தில் தலைவலியாகத் தெரியவரும். மகள் ‘பார்த்தால் தலை வலிக்கிறது’ என்று சொன்னால் பெரும்பாலும் காரணம் இதுவே.

மூன்றாவது, வெளிவரும் ஒளிவட்டத்தின் வடிவம். கருவியை ஒரு முழ தூரத்தில் நீட்டிப் பிடித்து, வெளிச்சமான வானத்தை நோக்கி வைத்துக் கண்வில்லையில் தெரியும் சிறு வட்டத்தைக் கவனியுங்கள். அது முழு வட்டமாகவும் ஓரம் வரை ஒரே வெளிச்சமாகவும் இருக்க வேண்டும். ஓரங்கள் சாம்பல் நிறமாக வெட்டுண்டு சதுரம் போலத் தெரிந்தால், உள்ளே இருக்கும் அரியங்கள் சிறியவை அல்லது தாழ்ந்த வகைக் கண்ணாடி. பெட்டியில் பிகே-7 (தாழ்ந்த வகைக் கண்ணாடி) என்று எழுதியிருப்பதற்கும் பாக்-4 (உயர்ந்த வகை) என்று எழுதியிருப்பதற்கும் இடையிலான வேறுபாடு கண்ணுக்குத் தெரியும் இடம் இதுதான்.

நான்காவது, வில்லைப் பூச்சு. பூச்சே இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு குழாய்க்குள் பத்துப் பரப்புகள் இருந்தாலே மூன்றில் ஒரு பங்கு ஒளி போய்விடும். பல படலப் பூச்சு இருந்தால் ஒரு பரப்பின் இழப்பு அரைச் சதவீதத்துக்கும் கீழே இறங்கும். டியூப் லைட்டின் பிரதிபலிப்பை முன்வில்லையில் பாருங்கள்: மங்கிய பச்சையோ ஊதாவோ என்றால் நல்லது, பளிச்சென்ற வெள்ளை என்றால் அந்தப் பரப்பில் பூச்சில்லை. மிகப் பழைய கருவியில் ஒற்றைப் படலத்தின் நீலச் சாயல் மட்டுமே இருக்கலாம். விலை குறைவாக இருந்து மற்ற மூன்றும் சரியாக இருந்தால் அதை நான் பொறுத்துக்கொள்வேன்.

7×50க்கு ஒரு குறை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய ஒளிவட்டம் விண்மீனின் ஒளியோடு வானத்தின் ஒளியையும் சேர்த்தே கொண்டுவரும். நகர வெளிச்சத்துக்குள் நின்று பார்த்தால் வானம் கறுப்பாக இல்லாமல் சாம்பலாகத் தெரியும். அதே இடத்தில் 10×50 பின்னணியைச் சற்று இருட்டாக்கி மங்கலான விண்மீன்களை எடுத்துக் காட்டும். ஆகவே நகர மையத்தில் இருப்பவர் கேட்டிருந்தால் 10×50ஐயே முதலாவதாகச் சொல்லியிருப்பேன். நீங்கள் உப்புவெளியில் இருக்கிறீர்கள்; விடுதி விளக்குகள் மறைக்காத ஓர் ஒதுக்குப்புறம் கிடைத்தால் 7×50 போதுமான அளவுக்கு வேலை செய்யும்.

பெரியவரின் கருவி தேறாவிட்டால் மைத்துனரிடம் என்ன சொல்வது? உங்கள் கேள்வியில் மகள் கண்ணாடி அணிவதாக ஒரு வரி இருந்தது; தெரிவை மாற்றக்கூடிய வரி அதுதான். அவளுக்கு வெறும் கிட்டப்பார்வை என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பைனாகுலரின் குவியத்தைத் திருகியே சரிசெய்யலாம். சிதறல் பார்வை (அஸ்டிக்மாட்டிசம்) இருந்தால் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். அப்போது கண்வில்லைக்கும் கண்ணுக்கும் இடையில் விடக்கூடிய தூரம் 15 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இல்லையெனில் காட்சியின் நடுப்பகுதி மட்டுமே தெரியும். எடுத்துக்காட்டாக, நிக்கான் அக்யூலான் 10×50இல் இந்தத் தூரம் 12 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அதே நிறுவனத்தின் ஆக்‌ஷன் இஎக்ஸ் 10×50இல் 17 மில்லிமீற்றர், அத்தோடு அது நீர் புகாதபடி மூடப்பட்டது. எடை ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும். அவ்வளவு எடை அவளுடைய கைக்கு அதிகம் என்று தோன்றினால் 8×42 வாங்குங்கள். 50 மில்லிமீற்றர் வில்லை 42ஐ விட நாற்பது சதவீதம் அதிக ஒளி திரட்டும் என்பது உண்மையே. ஆனாலும் கையில் நிலையாக நிற்கும் 8×42, நடுங்கும் 10×50ஐ விட மங்கலான விண்மீன்களைக் காட்டும். அவளுடைய இரு கண்களுக்கு இடையிலான தூரத்துக்குக் கருவியின் கீல் மடங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சில கருவிகள் 56 மில்லிமீற்றருக்குக் கீழே மடங்குவதில்லை.

உடல் படியாக வளைந்திருக்கும் போரோ வகையா, நேர்க்குழாயாக இருக்கும் கூரை அரிய வகையா என்பது அடுத்து எழும் கேள்வி. 1854இல் இத்தாலியரான இக்னாசியோ போரோ உரிமம் பெற்ற அந்த அரிய அமைப்பு செய்வதற்கு எளிது. ஆகவே ஒரே விலையில் பெரும்பாலும் போரோ வகையே தெளிவான படத்தைத் தரும். கூரை வகை இலேசானது, மூடி முத்திரையிடுவதும் எளிது. 10×50 என்றால் போரோ, 8×42 என்றால் கூரை வகை என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது. வகை எதுவாயினும், நைதரசன் நிரப்பி நீர் புகாதபடி மூடியது என்ற குறிப்புக்குச் சற்று அதிகப் பணம் கொடுப்பது நம் ஊரில் வீண் செலவாகாது.

சனி பற்றி. 1610இல் கலிலியோ தம் இருபது மடங்குத் தொலைநோக்கியால் சனியைப் பார்த்தபோது அவருக்கு வளையம் தெரியவில்லை. இருபுறமும் துணைக்கோள் போல இரண்டு புடைப்புகளே தெரிந்தன. அது வளையம் என்று டச்சு வானியலாளர் ஹைகன்ஸ் வெளியிட்டது 1659இல். வளையத்தைக் கோளிலிருந்து பிரித்துப் பார்க்க ஏறத்தாழ 25 மடங்கு உருப்பெருக்கமும் அசையாத தாங்கியும் வேண்டும். பத்து மடங்கில் அதிகபட்சம் சனி சற்று நீண்ட முட்டை போலத் தெரியலாம். 2025 மார்ச்சில் வளையம் தன் விளிம்பை நமக்குக் காட்டி நின்றதால், அது மெல்லத் திறந்து 2032 அளவில் முழுச் சாய்வை எட்டும் வரை அதையும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். இதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அதற்கு ஈடாக வியாழனைக் காட்டுங்கள். முழங்கைகளை ஊன்றிப் பிடித்தால் அதன் நான்கு பெரிய துணைக்கோள்களும் கோளின் இருபுறமும் ஒரே கோட்டில் சிறு புள்ளிகளாகத் தெரியும். மறுநாள் அவை இடம் மாறியிருக்கும். நான்கு இரவுகள் தொடர்ந்து கொப்பியில் வரைந்து வைத்தால், கலிலியோ 1610 ஜனவரியில் செய்ததை அவள் தன் கையால் செய்தவளாவாள்.

வேறு என்ன தெரியும் என்பதையும் எழுத வேண்டும், ஏனென்றால் பைனாகுலருக்கு நம் ஊரில் இருக்கும் வானம் வட நாடுகளில் இருப்பவருக்குக் கிடைக்காதது. மே மாதக் கடைசியில் இரவு ஒன்பது மணியளவில் வடக்கே 43 பாகை உயரத்தில் வசிட்டரும் அருந்ததியும் நிற்பார்கள். கலியாண வீட்டில் பகலில் கை காட்டி ‘பார்த்தேன்’ என்று சொல்ல வைக்கப்படும் அந்த விண்மீனை, பைனாகுலரில் வசிட்டரிடமிருந்து தெளிவாக விலகி நிற்பதாக அவள் உண்மையாகவே பார்ப்பாள். அதே நேரத்தில் தெற்கே திரும்பினால் 21 பாகை உயரத்தில் தென்சிலுவையும், அதற்கு மேலே 34 பாகையில் ஒமேகா சென்டாரி என்ற உருண்டைக் கொத்தும் தெரியும். பல பத்து இலட்சம் விண்மீன்கள் ஒன்றாக நெருங்கியிருக்கும் அந்தக் கொத்து, பைனாகுலரில் பஞ்சு உருண்டை போன்ற ஓர் ஒளித்திட்டாக நிற்கும். இலண்டனில் இருப்பவருக்கு அது ஒருபோதும் உதிப்பதில்லை.

தென்வானத்தைப் பார்க்க எங்கே நிற்பது என்பதில் பலர் தவறு செய்கிறார்கள். நிலாவெளியும் குச்சவெளியும் இருட்டானவை என்பதால் எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். ஆனால் அவை நகரத்துக்கு வடக்கே இருப்பதால், அங்கிருந்து தெற்கே தாழ்வாகப் பார்க்கும்போது நகர வெளிச்சத்துக்கு மேலாகவே பார்க்க நேரிடும். கீழ்வானத்துக்கும் வடவானத்துக்கும் நிலாவெளி மிக நல்லது. தென்சிலுவைக்கும் அதற்குக் கீழே உள்ளவற்றுக்கும், கொட்டியாரக் குடாவின் மறுபுறம் மூதூர், சம்பூர்ப் பக்கம் உறவினர் இருந்தால் அங்கே போய்ப் பாருங்கள். வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

மழைக்காலமான ஒக்டோபர் முதல் ஜனவரி வரை நீண்ட தெளிந்த இரவுகளை எதிர்பார்க்க முடியாது. பெப்ரவரியில் கார்த்திகையையும் வேட்டைக்காரன் ஒளிமுகிலையும் மாலையிலேயே பார்க்கலாம். வெறுங்கண்ணுக்கு ஆறு விண்மீனாகத் தெரியும் கார்த்திகை, பைனாகுலரில் பல பத்து நீல வைரங்களாகச் சிதறும். மார்ச்சில் பூசம்: கண்ணுக்கு ஒரு மங்கிய புகைத்திட்டு, பைனாகுலரில் ஒரு விண்மீன் கூட்டம். ஓகஸ்டில், கேட்டைக்குக் கிழக்கே தேளின் கொடுக்கை ஒட்டி மெசியே என்ற வானியலாளரின் பட்டியலில் ஏழாவதான விண்மீன் கூட்டமும், அதிலிருந்து தனு வரை விரியும் பால்வீதியின் செறிந்த பகுதியும். சந்திரனை முழுநிலவு நாளில் பார்க்க வேண்டாம்; வளர்பிறை ஏழு, எட்டாம் நாளில் ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டின் ஓரமாகப் பள்ளங்கள் நிழலோடு எழுந்து நிற்கும். விண்மீன்களுக்கு அமாவாசையை ஒட்டிய இரவுகளை வைத்துக்கொள்ளுங்கள்.

சூரியனை இந்தக் கருவியால் ஒரு கணமும் பார்க்கக் கூடாது. மறையும் சூரியனையும், கிரகணச் சூரியனையும் கூட. 2019 டிசம்பர் 26 அன்று இலங்கையின் வடபகுதியில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது போன்ற நாட்களில் அட்டைக் கண்ணாடியை அணிந்துகொண்டு பைனாகுலரால் பார்க்கலாம் என்று எண்ணுபவர்கள் உண்டு. குவிந்த ஒளி அந்த அட்டைக் கண்ணாடியையே எரித்துக் கண்ணுக்குள் போகும். பகலில் கருவியைப் பெட்டிக்குள் வைத்து, அவள் தனியே எடுக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு பற்றி மூன்று விடயங்கள். கடற்கரையிலிருந்து திரும்பியதும் சால்வை நுனியால் வில்லையைத் துடைக்க வேண்டாம். அதில் படிந்திருப்பது உப்புப் படிகம், அது பூச்சைக் கீறும். முதலில் இரப்பர்க் குமிழால் ஊதி, மென்தூரிகையால் தட்டி, அதற்குப் பிறகே வில்லைத் திரவமும் மெல்லிய துணியும். தோல் உறையை ஒதுக்கிவிட்டு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். நிறம் மாறும் மணிகள் என்றால், ஈரம் உறிஞ்சி நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம். மூன்றாவது, பலருக்குத் தெரியாதது: நுளம்பு விரட்டும் தைலங்களில் உள்ள டீட் என்ற பொருள் பிளாஸ்டிக்கையும் இரப்பரையும் கரைக்கும். தைலத்தைக் காலிலும் கையின் பின்புறத்திலும் மட்டும் பூசி, உள்ளங்கையைக் கழுவிய பிறகே கருவியைத் தொட வேண்டும்.

முதல் இரவில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். இருபது நிமிடமாவது இருளில் இருந்து கண்ணைப் பழக்குங்கள். டோர்ச்சின் முகத்தில் சிவப்புத் தாளை ஒட்டுங்கள். கைத்தொலைபேசியை வீட்டுக்குள் விட்டுவிடுங்கள். கீலை மடித்து இரண்டு வட்டமும் ஒன்றாகும்படி செய்த பிறகு, பிரகாசமான ஒரு விண்மீனை நோக்கி, வலது முன்வில்லையை உள்ளங்கையால் மூடி, நடுச்சக்கரத்தால் இடது கண்ணுக்கு அதைச் சிறிய புள்ளியாக்குங்கள். பிறகு இடதை மூடி, வலது கண்வில்லையின் வளையத்தை மட்டும் திருகி அதையே வலது கண்ணுக்கும் செய்யுங்கள். 7×50 என்றால் இரண்டு பக்கமும் தனித்தனியே. அந்த வளையம் நின்ற இடத்தில் மகளுக்கு ஒரு சிறு வெள்ளைப் புள்ளியையும் உங்களுக்கு இன்னொரு நிறப் புள்ளியையும் இட்டு வைத்தால், கருவி கை மாறும்போது ஒவ்வொரு முறையும் தேட வேண்டியிருக்காது.